மாடி ஏறிய அடுப்பு

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது மூன்று. மற்ற இரண்டும் என் கொழுந்தனாருடைய பிள்ளைகள். தகப்பன் போன பிறகு என் கைச்சோற்றில் வளர்ந்தவர்கள். ஐந்து பேரும் இன்று நாலு பேர் மதிக்கும்படி இருக்கிறார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து யார் வீட்டு விசேஷம் என்று எழுத்துக்கூட்டிச் சொல்லிவிடுவேன். இவ்வளவு நீளத்துக்கு எழுத எனக்கு வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்று அவளிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். இது அவள் அப்பனைப் பற்றியது என்பதால்தான்.

தச்சநல்லூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், மகனையும் மருமகளையும் தனிச்சமையல் வைத்து அனுப்பியவள் நான்தான் என்பார்கள். மாடியில் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சியது என் கைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்பே எனக்குத் தெரியாமல் ஓர் அடுப்பு மாடி ஏறிவிட்டது. தெருவுக்கு அது தெரியாது.

நான் வாக்கப்பட்டுப் போனது ஆற்றங்கரை ஊரில் ஒரு பெரிய வீட்டுக்கு. மூன்று அண்ணன் தம்பிகள், மூன்று மருமகள்கள், ஓர் அடுப்படி. என் மாமியாருக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. அடுப்பு இரண்டானால் வீடு இரண்டாகும் என்பார்கள். அதேபோல்தான் ஆயிற்று. மூத்த ஓரகத்தி, பிள்ளைக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்று சொல்லிப் பின்கட்டில் மூன்று கல்லைக் கூட்டினாள். கஞ்சி ரசமாயிற்று, ரசம் குழம்பாயிற்று. மறு அறுப்புக்குள் வீட்டு வளவின் நடுவே சுவர் எழும்பிவிட்டது. தாயில்லாத இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடைசிக் கொழுந்தனார் சின்ன வயதில் இறந்துபோனபோது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிடி அரிசிகூட வரவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளையும் நான் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அதனால் என் வீட்டுக்காரர் தச்சநல்லூரில் இந்த வீட்டைக் கட்டியபோது நான் கேட்டது ஒன்றே ஒன்று. இங்கே ஓர் அடுப்புத்தான். அவர் போன பிறகும் அதை விடவில்லை. மூத்தவனுக்குக் கல்யாணம் முடித்து மாடியில் ஓர் அறை எடுத்தோம். பெண் வீட்டார் சீரோடு ஒரு கேஸ் அடுப்பும் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் அதைப் பிரிக்காமல் பரணில் ஏற்றிவைத்தேன். மருமகள் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. மூத்தவன் என் பக்கத்தில் வந்து நின்று, “அடுப்பு மாடிக்கு ஏறாதும்மா. நான் இருக்கேன்லா” என்று சொன்னான். நான் கேட்டு வாங்கிய வாக்கு இல்லை அது. அவனாகச் சொன்னது.

இளையவன் மஸ்கட்டில் வேலையாயிருந்தான். தொண்ணூற்றேழாக இருக்கும், லீவில் வரும்போது ஒரு பெரிய அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தான். பிரித்தால் டிவி மாதிரி ஒன்று. கண்ணாடிக் கதவு, உள்ளே கண்ணாடித் தட்டு. மைக்ரோவேவ் என்றான். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை வைத்துக் கதவைச் சாத்திப் பொத்தானை அமுக்கினான். தட்டு தானாகச் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் டிங் என்று ஒரு மணி. எடுத்தால் தண்ணீர் சுட்டது. நான் பெட்டிக்குள் கையைவிட்டு நாலு பக்கமும் தடவிப் பார்த்தேன். குளுகுளு என்று இருந்தது. கரி இல்லை, சாம்பல் இல்லை, புகை இல்லை.

இதில் தீ எங்கே இருக்கிறது என்று கேட்டேன். தீயே கிடையாது, எல்லாம் கரண்டு என்றான் இளையவன். எனக்குத் தெரிந்த அடுப்பு, தீயை மூட்டுவது. விறகானாலும் கேஸானாலும் கண்ணுக்கு முன்னால் எரிய வேண்டும். எரியாத ஒன்றை எப்படி அடுப்பு என்பது?

“அப்பம் இது அடுப்பு இல்ல. வெந்நிப் பொட்டி. மாடியிலயே கொண்டு வையிங்க” என்று என் வாயால் சொன்னேன்.

மாடியில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் பிளக். அடுப்படியில் இருந்த ஒரே பெரிய பிளக்கில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று மாடியறையில்தான் இருந்தது. புதுச் சாமான் என்று நானே அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மூத்தவன் பக்கத்தில்தான் நின்றான்.

அந்த வருஷம்தான் மருமகளுக்குப் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. சாயங்காலம் களைத்து வருவாள். சாப்பாட்டை மாடிக்கு எடுத்துக்கொள்கிறோம் அத்தை, நீங்கள் உங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள் என்றாள். எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை. என் அடுப்பில் வெந்தது, எந்த இடத்தில் உட்கார்ந்து தின்றால் என்ன? ஆறிப்போகுமே என்று மட்டும் கேட்டேன். ஆறினால் பரவாயில்லை என்றார்கள். இதை எழுதுகிற பேத்திக்கு அப்போது ஆறு வயது. மாடியிலிருந்து அவ்வப்போது டிங் என்று கேட்கும். அவள் பொம்மை சைக்கிள் மணி என்று நினைத்துக்கொள்வேன்.

இங்கே என் சொதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் சொதி. தேங்காயில் மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாம் பாலில் பாசிப்பருப்பும் இஞ்சி மிளகாய்ச் சாறும் சேரும். முதலில் பிழிந்த கெட்டித் தலைப்பாலை ஊற்றும்போது கை நிதானம் வேண்டும். ஓரத்தில் நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் போயிற்று, எண்ணெய் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நிற்கும். இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம். மிஞ்சினதைச் சுடவைக்கவும் ஒரு முறை இருக்கிறது. தீயில் காட்டவே கூடாது. அகலச் சட்டியில் வெந்நீரை ஊற்றி, அதற்குள் சொதிப் பாத்திரத்தை இறக்கி வைக்க வேண்டும். பைய பைய ஏறும் சூடுதான் அதற்கு ஒத்துக்கொள்ளும்.

எங்கள் தெருவில் எந்த வீட்டில் கல்யாணம் நடந்தாலும் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதிதான். சமைக்கத் தவசுப்பிள்ளைகள் பத்துப் பேர் வந்திருந்தாலும், தலைப்பால் ஊற்ற என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனால், அடுப்படியில் வழிவிடுவார்கள். படித்தவளுக்குப் பட்டம் எப்படியோ, எனக்கு அது அப்படி.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மத்தியானம் என்னோடு கீழே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சொதி நன்றாகத்தான் இருந்தது. மிஞ்சினதை மருமகள் மாடிக்குக் கொண்டுபோனாள். மறுநாள் காலை பாத்திரம் இறங்கி வந்தது. அடியில் கொஞ்சம் மிச்சம். திரிந்து, எண்ணெய் மிதந்தது. முன்பெல்லாம் என் சொதி மறுநாள் காலை வரைக்கும் அப்படியே நிற்கும். அடுத்த வாரமும் திரிந்தது. அதற்கடுத்த வாரமும். தேங்காய்க்காரனிடம் சண்டை போட்டேன். எலுமிச்சம்பழத்தைக் குறைத்தேன். பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் மூத்தவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். நான் அந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

“ஏலே, இந்தா பாரு. ஏம்ல இப்பிடி ஆகுது?”

அவன் பாத்திரத்தைப் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டே, “வயசாகுதுல்லாம்மா. விடு” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். போய்விட்டான். எனக்கு அப்போது அறுபத்திரண்டு. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நடுக்கம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பெற்ற பிள்ளை சொல்கிறான், அவனுக்குத் தெரியாதா என்று எடுத்துக்கொண்டேன். அன்றோடு சொதி வைப்பதை நிறுத்தினேன்.

அடுத்த மாசம் எதிர்வீட்டு அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம். அண்ணாச்சி வீட்டு அம்மா வெற்றிலை பாக்கோடு வந்து, மறுவீட்டுக்கு நீங்கள் வந்துதான் பால் ஊற்ற வேண்டும் என்று அழைத்தாள். மூத்தவன் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வெற்றிலையைத் தொடவில்லை. கடைசியில், “இந்தத் தடவை வேண்டாம் தாயி. எனக்குக் கை போயிட்டு” என்றேன். அந்த அம்மா பதறிவிட்டாள். அதெல்லாம் இல்லை, நீங்களே இப்படிச் சொல்லலாமா என்றாள். நான் தலையை அசைத்தேன். மூத்தவன் பேப்பரைப் புரட்டினான்.

மறுவீட்டுக்குப் போனேன். அவர்கள் சொந்தத்தில் சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் பால் ஊற்றினாள். நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சொதி நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் நாள் சாயங்காலமே பேட்டையிலிருந்து என் மகள் வந்திருந்தாள். கையில் சதுரமாக, தட்டையாக ஓர் அட்டைப்பெட்டி. என்னட்டி அது என்று கேட்டதற்குப் பிள்ளைக்குத் தின்பண்டம் என்று சொல்லிவிட்டு நேரே மாடி ஏறினாள். நாத்தனாரும் மதினியும் இவ்வளவு ஒட்டுதலாக இருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

ஞாயிறு மத்தியானத்துக்குப் புளிக்குழம்பும் அவியலும் செய்து, இலையைக் கழுவிப் போட்டுவைத்தேன். ஒருவரும் இறங்கவில்லை. கூப்பிட்டேன். இதோ வருகிறோம் என்று குரல் மட்டும் வந்தது. இலை ஓரம் சுருள ஆரம்பித்தது. பேத்திதான் முதலில் இறங்கி வந்தாள். வாயைச் சுற்றிச் சிவப்பாக என்னவோ அப்பியிருந்தது. கிட்டே வந்ததும் வெண்ணெய் புளித்த மாதிரி ஒரு வாடை.

“என்னட்டி தின்ன?”

“சொல்லக் கூடாதுன்னாவ ஆச்சி.”

“ஆரு சொன்னா?”

“எல்லாரும்.”

எனக்கு முழங்கால் வலி உண்டு. அந்த மாடிப்படியை நான் வருஷத்துக்கு நாலு தரம் ஏறினால் அதிகம். அது அவர்களுக்கும் தெரியும். அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. என் மகனும் மருமகளும் மகளும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்த அட்டைப்பெட்டி, எண்ணெய் ஊறிப்போய். ஜங்ஷன் பக்கம் புதிதாக வந்த பேக்கரியில் வாங்கிய பீட்சா என்று பிறகு தெரிந்தது. முந்தின நாள் தின்று மிஞ்சியது. தடித்த தோசையில் தக்காளியும் குடமிளகாயும் பரப்பின மாதிரி இரண்டு துண்டு பெட்டியில் விறைத்துக் கிடந்தது. மற்ற துண்டுகள் மைக்ரோவேவுக்குள் சுற்றிக்கொண்டிருந்தன.

என்னைப் பார்த்ததும் மூன்று பேரும் மைக்ரோவேவைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அந்தக் கண்ணாடிக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பூசியிருந்த வெள்ளை பைய இளகியது. பிறகு கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. கொதித்தது. தீ இல்லாமல், புகை இல்லாமல், அடுப்பில் வைத்த பால் மாதிரி கொதித்தது. ஓரத்தில் மஞ்சளாக எண்ணெய் பிரிந்து தட்டில் இறங்கியது.

அந்த எண்ணெயைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

டிங் என்று மணி அடித்தது. சைக்கிள் மணி. எடுக்க யாரும் எழவில்லை. அப்போதுதான் மற்றதையெல்லாம் பார்த்தேன். அந்த மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் உப்பு ஜாடி. எண்ணெய்ப் புட்டி. ஒரு குட்டி அஞ்சறைப்பெட்டி, உள்ளே கடுகு, சீரகம் எல்லாம். கண்ணாடிக் கிண்ணத்தில் வெந்த சோறு. ஜன்னலோரம் கழுவிக் கவிழ்த்த கரண்டிகள். ஓர் அடுப்படிக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இருந்தது.

மூத்தவன் எழுந்து நின்றான். “தீ இல்ல, இது அடுப்பு இல்லன்னு நீதானம்மா சொன்ன” என்றான்.

நான் சொன்னதுதான். அதை ஒரு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்து என்னிடமே நீட்டினான். எனக்குக் கேட்க வேண்டியது வேறு.

“சொதி இதுலயால திரிஞ்சுது?”

அவன் தரையைப் பார்த்தான். மகள் வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் வைத்திருந்தாள். அவள் மாசம் ஒரு தரம் வந்துபோகிறவள். அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. கை போயிட்டு என்று நான் அவள் மடியில் தலைவைத்து அழுதிருக்கிறேன். அன்று என் தலையைத் தடவிக் கொடுத்த கையில் இன்று ஒரு துண்டைப் பிடித்திருந்தாள்.

மருமகள்தான் சொன்னாள். “ஆமா அத்தை. இதுலதான் திரிஞ்சுது. உங்ககிட்ட சொல்லிருவோம்னு நான் சொன்னேன். உங்க மகன்தான் வேண்டாம்னாவ.”

இத்தனை வருஷமும் எந்தக் குறை வந்தாலும் நான் மனசுக்குள் அவளைத்தான் நிறுத்திக் கேட்பேன். அன்று அந்த அறையில் உண்மை பேசியவள் அவள் ஒருத்திதான்.

நான் பாயில் உட்கார்ந்தேன். எனக்கும் ஒன்று வை என்றேன். மகள் தயங்கினாள். மருமகள் எழுந்து மைக்ரோவேவிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்தாள். மேலே நாக்கைப் பொசுக்கிவிடும் சூடு. அடியில் உள்ள ரொட்டி ஈரத்துணி மாதிரி துவண்டது. ஓரம் செருப்புத்தோல் மாதிரி இழுத்தது. முழுவதையும் மென்று தின்றேன். கையைக் கழுவினேன். இலை காய்கிறது, வந்து சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வந்தார்கள். பரிமாறினேன். அவியல் ருசியாக இருக்கிறது என்று மகள் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, பரணிலிருந்த கேஸ் அடுப்பை ஆள் வைத்து இறக்கினேன். சுற்றியிருந்த பேப்பர் பழுத்து உதிர்ந்தது. நானே துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாடிக்குத் தூக்கிவரச் சொல்லிப் பின்னாலேயே ஏறினேன். மூத்தவன் படியில் மறித்தான். வேண்டாம்மா, அந்தப் பொட்டியை வேண்டுமானால் இன்றைக்கே தூக்கி எறிந்துவிடுகிறேன் என்றான். கண் கலங்கியிருந்தது.

“பொய்யா ஒண்ணு இருக்கதுக்கு மெய்யா ரெண்டு இருக்கட்டும். வழிய விடுல” என்றேன்.

பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. மருமகளுக்கு ஒரு தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் என் காலில் விழுந்தாள். மூத்தவன் கதவோரத்திலேயே நின்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்காக மட்டும் ஒரு சின்னப் பாத்திரத்தில் சொதி வைத்தேன். மத்தியானம் ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு கிண்ணம் எடுத்து மூடிவைத்தேன், வேண்டுமென்றே. திங்கட்கிழமை காலை திறந்து பார்த்தேன். பால் பாலாக நின்றது. ஒரு சொட்டு எண்ணெய் பிரியவில்லை.

மூத்தவன் வேலைக்கு இறங்கி வந்தான். வாசலில் நின்று கிண்ணத்தை அவன் முன்னால் நீட்டினேன். அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

இன்றைக்கும் அவன் மாடியில்தான் இருக்கிறான். சுவர் ஒன்றும் எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறான், கண்ணாடி மாற்றித் தருகிறான், குறை சொல்ல முடியாது. அந்தப் பெட்டி எப்போதோ பழுதாகிப் பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. தெருவில் மறுபடி என்னைப் பால் ஊற்றக் கூப்பிட்டார்கள், போனேன். ஆனால் கை போய்விட்டது என்று நான் ஒதுங்கிய அந்த எதிர்வீட்டு மறுவீட்டுக்குத் திரும்பப் போக முடியாது. ஒளித்து ஓர் அடுப்பு வைத்ததைக்கூட நான் மறந்துவிடுவேன். என் மாமியார் வீட்டில் மூன்று கல் கூட்டியவளும் பிள்ளைக் கஞ்சிக்குத்தான் கூட்டினாள். ஆனால் என் கை நன்றாக இருக்கிறது என்று தெரிந்தே, போய்விட்டது என்று என்னை நம்பவைத்தானே, அதற்கு அவன் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற சாமானா அது?

போதும், பேனாவை வையி. கொஞ்சம் முன்னால எழுதுகையில உன் கை நின்னுது, நான் கவனிச்சேன். உங்கப்பன் செருப்பை மாட்டிக்கிட்டுச் சொன்னான் பாரு ஒரு சொல்லு, அதை விட்டுட்டியா, அப்பிடியே எழுதியிருக்கியா? எங்க, முதல்ல இருந்து வாசிட்டி, கேப்போம்.